பேத்திக்குத் துணையாக ஸ்பெயின் சர்ச் முகாமுக்கு

போன வருடம் ஜூலையில் நானும் என் பேத்தி பவித்ராவும் ஸ்பெயின் நாட்டுக்குப் போய் முப்பத்து மூன்று நாள் இருந்துவிட்டு வந்தோம். ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. அங்கே ஒரு சர்ச் நடத்தும் கோடை முகாமில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்குக் கிடைத்தது. சம்பளம் கிடையாது, சாப்பாடும் தங்குமிடமும் உண்டு. அவளுக்குத் துணையாக நான் போனேன். வந்த நாளிலிருந்து வில்லாபுரத்தில் எங்கள் தெருவிலேயே நாலு வீட்டில் “எப்படிப் போனீக, எம்புட்டு ஆச்சு” என்று கேட்டுவிட்டார்கள். ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்லி மாளவில்லை. அதனால், பேசினால் எழுத்தாக மாற்றித் தரும் போனில் பேசிப் பேசியே இதை எழுதிவிட்டேன். ஒற்றுப் பிழைகளைப் பவித்ரா பார்த்துத் திருத்தினாள்.

முதலில் ஏன் போனோம் என்று சொல்ல வேண்டும். பவித்ரா கல்லூரியில் படிக்கும்போது, ஸ்பெயினில் பதினாலு வருடம் இருந்துவிட்டு வந்த ஒரு சிஸ்டர் சனிக்கிழமைகளில் ஸ்பானிஷ் மொழி சொல்லிக்கொடுத்தார். முதலில் இருபத்தாறு பிள்ளைகள் சேர்ந்தார்கள். மூன்று வருடம் முடியும்போது வகுப்பில் மிச்சம் இருந்தது என் பேத்தி ஒருத்திதான். இதை நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன். பிறகு சென்னையில் ஒரு மொழிப் பள்ளியில் ஆசிரியர் வேலைக்குப் போய்க் கேட்டாள். “எழுத்து நன்றாக இருக்கிறது, பேச்சுதான் வரவில்லை. அந்த நாட்டில் ஒரு மாதம் தனியாகக் குழந்தைகளைச் சமாளித்தேன் என்று கடிதம் வாங்கி வா, வேலை தருகிறோம்” என்றார்களாம். சிஸ்டர் முகாமுக்கு எழுதினார். இடம் கிடைத்தது. அந்தக் கடிதத்துக்காகத்தான் இம்புட்டு தூரப் பயணம்.

என் மகன் அவனியாபுரத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். இரும்பைக் கண்டு பயப்படாதவன், மகள் விஷயத்தில் மட்டும் எல்லாவற்றுக்கும் பயப்படுவான்.

“தெரியாத ஊரு, தெரியாத பாசை. பொம்பளப் பிள்ளைய எப்படிம்மா தனியா விடுறது?”

“நான் கூடப் போறேன்.”

சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். சொந்தக்காரர்களில் இரண்டு பேர் “மதம் மாத்திருவாக” என்று வந்து சொன்னார்கள். அறுபத்தாறு வயசுக்கு மேல் என்னை மாற்றி அவர்களுக்கு என்ன ஆகப்போகிறது என்று கேட்டேன். கடைசியில் மகன் என்னிடம் ஒரே ஒரு வாக்குதான் வாங்கினான்.

“அவ உன் கண்ணு முன்னாடியே இருக்கணும்மா.”

“இருப்பா” என்று சொன்னேன்.

விசாவுக்கு இரண்டு பேரும் நேரில் சென்னை போக வேண்டும், கைரேகை எடுப்பார்கள். விண்ணப்பத்தில் என்ன படிப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. ஐந்தாம் வகுப்பு என்று உள்ளதை எழுதினோம், அதனால் எதுவும் நின்றுவிடவில்லை. முகாம் அனுப்பிய அழைப்புக் கடிதம், மகனுடைய ஆறு மாத வங்கிக் கணக்கு, திரும்பி வருவதற்கான டிக்கெட், முப்பதாயிரம் யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, இவைதான் முக்கியம். ஆளுக்குப் பதினோராயிரத்துச் சொச்சம் செலவானது. பத்தொன்பதாம் நாள் பாஸ்போர்ட் வீட்டுக்கு வந்தது. விமான டிக்கெட் போக வர ஆளுக்கு எண்பத்தோராயிரத்து ஐந்நூறு.

வில்லாபுரத்திலிருந்து விமான நிலையத்துக்கு ஏழு கிலோமீட்டர், காருக்கு முந்நூறு ரூபாய். ஓட்டி வந்த தம்பி கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தான்.

“மகன் வீட்டுக்காம்மா?”

“இல்லப்பா. ஸ்பெயின்ல ஒரு சர்ச்சு கேம்ப்பு.”

“திருநீறு பட்டையா பூசிருக்கீங்களே.”

“பூசினா உள்ள விட மாட்டாங்களா?”

“எனக்கு எப்படிம்மா தெரியும், நான் அருப்புக்கோட்டைக்கு அங்கிட்டுப் போனதில்ல.”

“அப்ப போய்ட்டு வந்து சொல்றேன்” என்றேன்.

மதுரையிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து தோஹா, அங்கிருந்து மாட்ரிட். காத்திருந்த நேரமும் சேர்த்து இருபத்து நாலு மணி நேரம். பெரியவர்கள் கூட வந்தால் டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள், அதற்குப் பணம் இல்லை. என் முட்டி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாற்காலி தள்ளுகிறவருக்கு வழி தெரியும், நமக்குத் தெரியாது. அதற்காகவே உட்காரலாம்.

மாட்ரிட் விமான நிலையத்திலிருந்து பஸ் நிலையத்துக்கு டாக்ஸியில் முப்பத்து மூன்று யூரோ. ஊருக்குள் எங்கே போனாலும் அதே தொகைதான், பேரம் பேச வேலையில்லை. மெட்ரோ ரயிலில் ஐந்து, ஆறு யூரோவில் போகலாம், பெட்டிகள் இருந்ததால் நாங்கள் போகவில்லை. அங்கிருந்து செகோவியா என்ற ஊருக்கு பஸ்ஸில் ஒன்றே கால் மணி நேரம். மலையைத் தாண்டியதும் கோதுமை அறுத்த தாள் மட்டும் நிற்கும் நிலம் கண்ணுக்கு எட்டிய தூரம் கிடந்தது. செக்கானூரணிக்கு மேற்கே சோளத்தட்டை அறுத்த பிறகு எங்கள் நிலம் இப்படித்தான் கிடக்கும். இங்கேயும் மானாவாரிதான் போல என்று நினைத்துக்கொண்டதும் பாதிப் பயம் போய்விட்டது. செகோவியாவில் முகாமின் வேன் காத்திருந்தது. அதில் முப்பத்து நாலு கிலோமீட்டர், கடைசி ஆறு கிலோமீட்டர் பைன் மரக் காடு.

நமக்கு வெயில் முடிந்து ஆடிக் காற்று தொடங்கும் நேரம்தான் அவர்களுக்குக் கோடை. பகலில் நம்ம ஊர் மார்கழி வெயில் அளவுக்கு அடிக்கும், காலையில் ஸ்வெட்டர் வேண்டும். ஒன்பதரை மணிக்கும் சூரியன் நிற்கிறது. மத்தியானச் சாப்பாடு இரண்டரைக்கு, அடுத்த சாப்பாடு ஒன்பதுக்கு. சுகருக்கு மாத்திரை போடுகிறவர்கள் இந்த நேரத்தைப் பற்றி முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொண்டு போங்கள்.

முகாமின் தலைவர் சிஸ்டர் இனேஸ். ஐம்பது வயது இருக்கும், உயரமானவர், வேகமாக நடப்பார். என் நெற்றியைக் காட்டி ஏதோ கேட்டார். பவித்ரா மெதுவாகப் பதில் சொன்னாள். “நாங்களும் வருசத்துல ஒரு நாள் சாம்பல் பூசுவோம்னு சொல்றாங்க அப்பத்தா.” “எங்களுக்குத் தினமும்னு சொல்லு” என்றேன். சிஸ்டர் சிரித்தார். மதம் பற்றிய பேச்சு அதோடு முடிந்தது. காலையில் எல்லாரும் பிரார்த்தனைக்கு நிற்பார்கள், நானும் கைகூப்பி நிற்பேன். நான் யாரைக் கும்பிட்டேன் என்று யாரும் கேட்கவில்லை.

எட்டு வயதிலிருந்து பதிமூன்று வயது வரை எண்பது குழந்தைகள். எட்டு எட்டாகப் பிரித்துப் பத்துக் குழு, குழுவுக்கு ஒரு பொறுப்பாளர். பவித்ராவுக்குக் கிடைத்தது சின்னவர்கள் குழு. எழுப்புவது, பல் தேய்க்க வைப்பது, விளையாட்டு, பாட்டு, சாப்பாடு, தூங்க வைப்பது, எல்லாம் அவள் பொறுப்பு, எல்லாம் ஸ்பானிஷில். எனக்குச் சமையலறை. சமைக்கிறவர் பிலார். என்னைவிட எட்டு வயது சின்னவர், ஆனால் என் அகலம். பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் காரில் வருவார். நான் தமிழில் பேசுவேன், அவர் ஸ்பானிஷில் பேசுவார், இரண்டு பேரும் வெங்காயம் உரிப்போம். ஆபுவேலா என்று கூப்பிடுவார். பாட்டி என்று அர்த்தம். குழந்தைகளும் அப்படியே கூப்பிடத் தொடங்கினார்கள்.

நான் செய்த தப்பை இங்கே ஒளிக்காமல் எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

காலை ஏழரைக்குக் குழாயடிப் பக்கம் பவித்ராவை உட்காரவைத்துத் தேங்காய் எண்ணெய் வைத்துத் தலை பின்னுவேன். வீட்டில் இருபத்தொரு வருடமாகச் செய்கிற வேலை, கை தானாகப் போகும். சின்னப் பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாம் நாள் எனக்கும் எனக்கும் என்று பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள். எல்லோருக்கும் பின்னிவிட்டேன். மத்தியானம் பொறுப்பாளர்கள் குழந்தைகளுக்குப் பரிமாறிவிட்டுக் கடைசியில்தான் சாப்பிட வேண்டும். இரண்டரை மணிக்கும் பிள்ளை சாப்பிடாமல் நிற்கிறாளே என்று எனக்கு மனசு கேட்காது. பருப்புப்பொடி போட்டுச் சோறு பிசைந்து கொண்டுபோய், அவள் தட்டு ஏந்தி நிற்கும்போதே வாயில் ஒரு உருண்டை வைத்துவிடுவேன். “அப்பத்தா, வேணாம்” என்பாள். வாய் திறக்காமலா சொல்ல முடியும், அந்த நேரத்தில் இன்னொரு உருண்டை.

நாலாம் நாள் அவள் முகம் வாடிப்போய்விட்டது. குழந்தைகளிடம் பேசுவது காதில் விழவே இல்லை. இடைவேளை கிடைத்தால் சமையலறைக்கு வந்து என்னோடு தமிழில் பேசிக்கொண்டு நின்றாள். எனக்குப் புரிந்துவிட்டது, கண் பட்டிருக்கிறது. வேறு நிறம், நீளமான முடி, எண்பது குழந்தைகளும் பார்க்கத்தானே செய்வார்கள். ஊரிலிருந்து கால் கிலோ குண்டு மிளகாய் கொண்டுபோயிருந்தேன். பதினொரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பின்வாசலில் அவளைக் கிழக்கே பார்த்து உட்காரவைத்து, மிளகாய், கல்லுப்பு, அவள் கால்மண் எடுத்து மூன்று சுற்றுச் சுற்றினேன்.

“இதெல்லாம் இங்க வேணாம் அப்பத்தா. யாராச்சும் பாத்தா என்ன நினைப்பாங்க?”

“யாரும் பாக்கல. துப்பு.”

மூன்று தரம் துப்பிவிட்டுக் குழந்தைகளிடம் ஓடிவிட்டாள். நான் உள்ளே வந்து எல்லாவற்றையும் அடுப்பில் ஒரு சட்டியில் போட்டுத் தீயைக் கூட்டினேன். இதில் ஒரு கணக்கு இருக்கிறது, நம் பக்கம் எல்லோருக்கும் தெரியும். மிளகாய் கருகியும் நெடி ஏறவில்லை என்றால் கண் பட்டிருக்கிறது. நெடி ஏறினால் திருஷ்டி ஒன்றும் இல்லை.

நெடி ஏறியது. பிலார் இருமிக்கொண்டு சன்னலுக்கு ஓடினார். புகை, சாப்பாடு எடுத்துக் கொடுக்கும் திறப்பு வழியாகச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனது. அங்கே கூரையில் புகை பட்டால் அலறுகிற கருவி இருப்பது எனக்குத் தெரியாது. அது அலறியதும் முகாம் முழுவதும் மைதானத்துக்கு ஓடியது. தீ விபத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று முதல் நாளே பயிற்சி கொடுத்திருந்தார்களாம். எண்பது குழந்தைகள், பத்துப் பொறுப்பாளர்கள், காட்டு வேலை பார்க்க வந்த இரண்டு பேர், எல்லோரும் இருமினார்கள். அம்புட்டுப் பேர் இருமியதில் எனக்கு ஒன்று நிச்சயமானது. என் பேத்திக்கு யார் கண்ணும் படவில்லை. அப்படியானால் காரணம் வேறு.

அது என்ன காரணம் என்று அடுத்த நிமிஷமே பார்த்தேன். பின்வாசல் வழியாக வெளியே வந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றேன். மைதானத்தில் பவித்ரா எனக்கு முதுகு காட்டி நின்றாள். எட்டுப் பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அழுத ஒரு பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். ஓடப் பார்த்த ஒருவனை ஒரே அதட்டலில் நிற்கவைத்தாள். ஸ்பானிஷில்தான் எல்லாம், என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் குரல் என் மாமியார் களத்துமேட்டில் ஆள் வேலை வாங்கும் குரல். நான் தொட்டியை விட்டு வெளியே வந்தேன். என்னைப் பார்த்தாள். உடனே குரல் சுருங்கிவிட்டது. இடுப்பில் இருந்த பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டு, குழுவை அப்படியே விட்டுவிட்டு, “அப்பத்தா, ஒனக்கு ஒண்ணும் ஆகலையே” என்று என்னிடம் ஓடி வந்தாள்.

சிஸ்டர் இனேஸ் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிளகாய் கருக்கியதற்கு என்னை அவர் திட்டவில்லை. பவித்ராவை அறைக்குக் கூப்பிட்டார். ஆபத்து நேரத்தில் பொறுப்பாளர் குழுவை விட்டு நகரக் கூடாது என்பது அங்கே பெரிய சட்டம். ஞாயிற்றுக்கிழமை வரை பார்ப்பேன், சரிவராவிட்டால் உன்னைத் துணி துவைக்கும் பகுதிக்கு மாற்றுகிறேன் என்றாராம். துணி துவைத்ததற்குக் கடிதம் தருவார்கள். அந்தக் கடிதத்தை வைத்துச் சென்னையில் என்ன செய்வது?

அவளைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டேன். “உண்மையச் சொல்லுத்தா. பிள்ளைக ஒன் பேச்சக் கேக்குறாங்களா?”

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “நேத்து பல் தேய்க்கச் சொன்னேன். ஒருத்தன், நீ மொதல்ல ஒங்க ஆபுவேலாகிட்ட தேய்ச்சியான்னு காட்டிட்டு வான்னு சொல்றான். எல்லாரும் சிரிச்சிட்டாங்க.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீ வருத்தப்படுவ.”

அன்று சாயங்காலம் பிலாரிடம் போனில் மொழிபெயர்க்கிற ஆப்பை வைத்துப் பேசினேன். உங்கள் வீட்டில் எனக்கு ஒரு கட்டில் இருக்குமா என்று கேட்டேன். அவர் போனை வாங்கி நீளமாகப் பேசினார். போன் தமிழில் சொன்னது: தன் அம்மாவுக்கு எண்பத்தாறு வயது, பகல் முழுக்கத் தனியாக இருக்கிறார், நான் வந்தால் நல்லது. முகாமிலிருந்து பதினோரு கிலோமீட்டர். நல்லது என்றேன்.

பவித்ராதான் ஒத்துக்கொள்ளவில்லை. “அப்பாகிட்ட என்ன சொன்ன? கண்ணு முன்னாடியே இருப்பான்னு சொன்னேல்ல?”

“சொன்னேன்.”

“இப்ப பொய் சொல்லப் போறியா?”

“கேட்டா உண்மையச் சொல்லுவேன். கேக்கலைன்னா நானா போயிச் சொல்ல மாட்டேன்.”

“எனக்குப் பயமா இருக்கு அப்பத்தா.”

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் மகன் முகத்தில் எப்படி விழிப்பேன்? ஆனால் அதை வாய்விட்டுச் சொன்னால் அவள் என்னைப் போகவிட மாட்டாள். “ஒனக்கு எட்டுப் பிள்ளைக இருக்காக, போயிப் பாரு” என்று சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிலாரின் காரில் ஏறினேன்.

அந்தக் கிராமத்தில் நாற்பது வீடு இருக்கும், பாதி பூட்டிக் கிடக்கிறது. ஒரு சர்ச், ஒரு சாராயக்கடை. அந்தக் கடையில்தான் காப்பியும் ரொட்டியும் விற்பார்கள். காப்பி ஒன்றரை யூரோ. பிலாரின் அம்மா பெயர் லூயிசா. என்னைப் பார்த்ததும் சேலையைத் தொட்டுப் பார்த்தார், பிறகு எத்தனை முழம் என்று கையால் அளந்து காட்டச் சொன்னார். இரண்டு பேரும் வாசலில் நாற்காலி போட்டு மொச்சையைவிடப் பெரிய ஒரு வெள்ளைப் பயறில் கல் பொறுக்குவோம். அவர் பேசுவார், நான் “ஆமாமா” என்பேன். மூன்று மணிக்கு ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும். அந்த இரண்டு மணி நேரம்தான் எனக்குக் கஷ்டம். முகாம் இருக்கும் மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மகன் தினமும் நாலு மணிக்குப் போன் பண்ணுவான். “சாப்டியாம்மா? பிள்ள நல்லாருக்காளா?” “நல்லாருக்கா” என்பேன். அது என் நம்பிக்கைதான், எனக்குத் தெரிந்து சொன்னது இல்லை.

முதல் ஞாயிறு பிலார் அவளைக் கூட்டிவந்தார். மெலிந்து போயிருந்தாள். தலையை அவளே பின்னியிருந்தாள், கோணலாக. சிஸ்டர் இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறாராம். என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். வா, ஊருக்குப் போய்விடலாம் என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. எழுந்துபோய் ரசம் வைத்தேன். கிளம்பும்போது, “நீ திரும்பி வந்துரு அப்பத்தா” என்றாள். “அடுத்த ஞாயிறு பேசிக்கலாம்” என்றேன். கார் திரும்பியதும் லூயிசா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு யாரும் எதையும் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.

இரண்டாம் ஞாயிறு இன்னும் இரண்டு பொறுப்பாளர் பெண்களோடு வந்தாள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், சிரித்தார்கள். நான் வைத்த கோழிக்குழம்பை ரொட்டியில் தொட்டுச் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டே சிரித்தார்கள். எனக்கு என்ன பேசுகிறார்கள் என்று சொல்ல பவித்ரா மறந்துபோனாள். சிஸ்டர் என்ன சொன்னார் என்று நான்தான் இடையில் புகுந்து கேட்டேன். “ஒண்ணுமே சொல்லல அப்பத்தா” என்று சொல்லிவிட்டு மறுபடி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பி வந்துவிடு என்று அன்று கேட்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு நான் காலையிலேயே புளியோதரை கிளறி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று மணிக்குப் பிலாரின் கார் வந்தது. பிலார் மட்டும் இறங்கினார். போனை எடுத்துப் பார்த்தால் செய்தி வந்திருக்கிறது: “இன்னைக்கு வரல அப்பத்தா. பிள்ளைகள ஆத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். நான்தான் கேட்டேன், சிஸ்டர் சரின்னுட்டாங்க.” நான்தான் கேட்டேன் என்ற இடத்தை இரண்டு தரம் படித்தேன். நெஞ்சில் ஏதோ பாரம் இறங்கியது மாதிரியும் இருந்தது, யாரோ எதையோ பிடுங்கிக்கொண்ட மாதிரியும் இருந்தது. பிலார், லூயிசா, நான் மூன்று பேருமாகப் புளியோதரையைக் காலி செய்தோம்.

நாலு மணிக்கு மகன் போன் வந்தது. பக்கத்தில் யாரோ ஸ்பானிஷில் பேசும் சத்தம் கேட்டிருக்கிறது.

“யாரும்மா அது? பவிகிட்டக் குடு.”

“அவ இங்க இல்லப்பா. ஆத்துக்குப் போயிருக்கா.”

“நீ போகலையா? நீ எங்க இருக்க?”

கேட்டுவிட்டான். அதனால் எல்லாவற்றையும் சொன்னேன், மிளகாயிலிருந்து. பட்டறையில் மெஷின் ஓடும் சத்தம் நின்றது. கோபமாகப் பேசுவான் என்று காத்திருந்தேன்.

“பதினாறு நாளா அவ தனியா இருக்காளா?”

“ஆமா. நல்லா இருக்கா. இப்ப எனக்கே தெரியும்.”

பிறகு கேட்டான். “அப்ப நீ? பாசை தெரியாத ஊர்ல பதினாறு நாளா நீயுமா தனியா இருந்த?”

நாங்கள் கிளம்பும்போது இதை யாருமே யோசிக்கவில்லை, நானும்தான். “லூயிசா இருக்காகப்பா” என்று சொன்னேன்.

முகாம் முடிகிற நாள் பெற்றோர்கள் எல்லாம் வந்தார்கள். நான் பிலாரோடும் லூயிசாவோடும் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பவித்ராவின் எட்டுப் பேரும் ஒரு பாட்டுப் பாடினார்கள், அவள் ஓரத்தில் நின்று கையசைத்து நடத்தினாள். ஒரு பையன் வரிசையை விட்டு நகர்ந்தான். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான், போய் நின்றுகொண்டான். சிஸ்டர் கையெழுத்துப் போட்டு ஒரு பக்கக் கடிதம் கொடுத்தார். வேனில் வரும்போது பவித்ரா எனக்கு அதை வரிக்கு வரி தமிழில் வாசித்தாள். இருபத்தெட்டு நாள் எட்டுக் குழந்தைகளைத் தனியாகப் பொறுப்பேற்று நடத்தினார் என்று எழுதியிருந்தது. அதில் என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன்.

இனி, போக நினைக்கிறவர்களுக்கு. விசாவுக்கு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். முகாமில் உதவி செய்வதற்கு உங்கள் விசா இடம் கொடுக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நெய், பால்கோவா, உப்புக்கண்டம் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், பாலிலும் மாமிசத்திலும் செய்தது எதையும் உள்ளே விட மாட்டார்கள். மிளகாய், புளி, பருப்புப்பொடி எங்களுக்குப் பிரச்சினை ஆகவில்லை. மிளகாயைக் குழம்பில் மட்டும் போடுங்கள். ஆகஸ்டில் திரும்பும் டிக்கெட் விலை ஏறுகிறது, இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே எடுங்கள். எங்கள் இருவருக்கும் எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம் ஆனது. அதில் உணவும் தங்குமிடமும் கிடையாது, அதை முகாமும் பிலாரும் பார்த்துக்கொண்டார்கள்.

பெண்பிள்ளைக்குத் துணையாகப் பெரியவர்கள் போவதில் தப்பில்லை, போங்கள். நான் போகாவிட்டால் என் மகன் அவளை அனுப்பியே இருக்க மாட்டான். ஆனால் தங்குவதற்கு முதலிலேயே வேறு இடம் கேட்டு வையுங்கள். அவள் கூப்பிட்டால் அரை மணி நேரத்தில் வந்து சேரும் தூரமாக இருக்க வேண்டும், நீங்கள் நிற்பது அவள் கண்ணுக்குத் தெரியாத தூரமாகவும் இருக்க வேண்டும். எங்களுக்கு அது பதினோரு கிலோமீட்டராக இருந்தது. உங்களுக்கு எவ்வளவு என்று அங்கே போய்த்தான் பார்க்க வேண்டும்.